திருட்டிலும் மோசடியிலும் மாட்டாமல் இருக்க: வாசல் பூட்டு முதல் 1930 உதவி எண் வரை ஒரு முழு வழிகாட்டி

யாருக்காவது போன் போட்டால் ரிங் போவதற்கு முன்னால் சைபர் மோசடி எச்சரிக்கை ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஓடிபியைச் சொல்லாதே, லிங்கைத் தொடாதே என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அப்படியும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதுவும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, டாக்டர், ஐடி ஆள் என்று விவரம் தெரிந்தவர்களிடமிருந்தே. ஏனென்றால் ஏமாற்றுகிறவன் உங்கள் அறிவோடு மோதுவதில்லை, உங்களை யோசிக்க விடாமல் பார்த்துக்கொள்கிறான். தெருவில் நகைக்குக் குறி வைப்பவனும் அதையேதான் செய்கிறான்.

அதனால் நூறு வகை மோசடியைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அடுத்த மாதம் நூற்றியோராவது வந்துவிடும். நிதானமாக இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவைத்துவிட்டால், பதற்றத்தில் இருக்கும்போது பெரிதாக எதுவும் போகாது. மீறிப் போனாலும் முதல் ஒரு மணி நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்கும். இது தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களை, முக்கியமாக வயதான அம்மா அப்பா தனியாக இருக்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதியது.

படி 1: பூட்டிய வீடு

பகலில் நோட்டம், இரவில் வேலை. பூட்டிய வீட்டுத் திருட்டு பெரும்பாலும் இப்படித்தான். நோட்டம் விடுகிறவன் பார்ப்பது சின்னச் சின்ன விஷயங்களை: வாசலில் கோலம் இல்லை, கேட்டில் பால் பாக்கெட் பை தொங்குகிறது, இரண்டு நாள் பேப்பர் அப்படியே கிடக்கிறது, கதவுக்கு வெளியே பெரிய பூட்டு. அந்தப் பெரிய பூட்டைத்தான் நாம் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், அவனுக்கோ அது உள்ளே ஆள் இல்லை என்பதற்கான அறிவிப்பு. கதவுக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட்டு போட்டால் தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக்குப் பூட்டு போடுவதாக இருந்தால் உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள்.

ஊருக்குப் போகும் முன் பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் நிறுத்தச் சொல்லுங்கள், எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி வாசல் தெளிக்கச் சொல்லுங்கள். இரவில் ஒரு விளக்காவது தானாக எரிய வேண்டும். டைமர் வைத்த ஸ்மார்ட் பிளக் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ராத்திரி பகல் முழுக்க எரியும் வாசல் பல்பு உதவாது, மதியம் 12 மணிக்கு எரிகிற விளக்கைப் பார்த்தே வீட்டில் ஆள் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவான்.

உங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் காவல்துறையே இதைக் கேட்டுக்கொள்கிறது, இரவு ரோந்து போகிறவர்கள் அந்தத் தெருவை ஒரு தடவை கூடுதலாகச் சுற்றுவார்கள். "போலீஸுக்கே நம் வீடு காலி என்று தெரியணுமா" என்று சிலர் தயங்குகிறார்கள். கொடைக்கானல் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு முந்நூறு பேருக்குச் சொல்லும்போது அந்தத் தயக்கம் ஏனோ வருவதில்லை. போட்டோவைத் திரும்பி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம்.

சாவியை மீட்டர் பெட்டி மேலே, செருப்புக்குள், பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், அவன் முதலில் தேடும் மூன்று இடமும் அதுதான். பீரோ சாவியைப் பீரோ மேலேயே வைக்கும் பழக்கமும் அப்படியே. சிசிடிவி இருந்தால் அந்த ரெக்கார்டர் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. போகிறபோது அதையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பரணில் மறைத்து வையுங்கள், அல்லது போனிலேயே பார்க்கக்கூடிய, இணையத்தில் பதிவாகும் கேமரா ஒன்றாவது வாங்குங்கள். கேமராவை இரண்டாவது மாடி உயரத்தில் மாட்டினால் வழுக்கைத் தலைதான் பதிவாகும். முகம் தெரிகிற உயரத்தில் ஒன்று வேண்டும்.

நகைக்கு வங்கி லாக்கர்தான். அதிலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான். இது 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. வாடகை 3,000 என்றால் 3 லட்சம், இன்றைய பவுன் விலைக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்து, எடையையும் பில்லையும் சேர்த்து ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். களவு போனால் புகாரில் எழுதவும் காப்பீடு கேட்கவும் அதுதான் கை கொடுக்கும்.

படி 2: தெருவும் பேருந்தும்

விடியற்காலையில் குனிந்து கோலம் போடும்போது, நடைப்பயிற்சியில், ஸ்கூட்டரில் துப்பட்டா பறக்கப் போகும்போது, இந்த மூன்று நேரத்தில்தான் சங்கிலிப் பறிப்பு அதிகம். நடக்கும்போது எதிரே வண்டி வரும் பக்கமாக நடங்கள், பின்னாலிருந்து பைக் ஒட்டி வர முடியாது. காலை நடைக்குத் தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு போகும் பழக்கம் நிறையப் பேருக்கு வந்துவிட்டது, நல்ல பழக்கம். பறிக்கிறவனோடு இழுபறி வேண்டாம், வண்டியோடு இழுத்துச் செல்லப்பட்டு விழுந்து தலையில் அடிபடுவது நகை போவதைவிட மோசம். விட்டுவிட்டு வண்டி எண், சட்டை நிறம், போன திசை மூன்றையும் கவனித்து 100 அல்லது 112க்கு அடியுங்கள்.

பறிப்பைவிட எனக்குக் கோபம் வருவது கவனத்தைத் திசைதிருப்பும் கும்பல்மேல்தான், அதில் பாட்டிமார்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். போலி போலீஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோயிலுக்கோ ரேஷன் கடைக்கோ போகிற வயதான அம்மாவை டிப்டாப்பாக உடுத்திய ஒருவன் நிறுத்துவான். "ஏம்மா, முன்னாடி தெருவுல ஒரு அம்மாவ வெட்டிட்டு நகைய அறுத்துட்டுப் போயிட்டான், நீங்க இவ்ளோ நகையப் போட்டுட்டுப் போறீங்களே, நாங்க மஃப்டி போலீஸ்" என்பான். அதே நேரம் பார்த்து வேறு ஒருவன் அந்தப் பக்கமாக வருவான், அவனையும் அதட்டுவான், அவன் பயந்து தன் மோதிரத்தையும் செயினையும் கழற்றிக் கொடுப்பான், "போலீஸ்" அதைக் காகிதத்தில் மடித்து அவனிடமே திருப்பிக் கொடுப்பான். அவனும் கூட்டாளிதான். இதைப் பார்த்த அம்மாவும் கழற்றிக் கொடுப்பார், பொட்டலம் கட்டிப் பைக்குள் போட்டு "வீட்டுக்குப் போய்ப் பிரிங்க" என்பான். வீட்டில் போய்ப் பிரித்தால் கல்லும் மண்ணும். போலீஸ்காரர் யாரும் நடுத்தெருவில் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார். இந்த ஒரு வரியை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அந்தக் காட்சியோடு சேர்த்துச் சொல்லுங்கள். "ஜாக்கிரதையா இரும்மா" என்று பொதுவாகச் சொன்னால் மண்டையில் நிற்காது.

நகை பாலிஷ் ஆட்களும் இதே ரகம். முதலில் பித்தளைக் குத்துவிளக்கை இலவசமாகப் பளபளவென்று ஆக்கிக் காட்டுவார்கள். அப்புறம் வெள்ளிக் கொலுசு, கடைசியில் தங்கம். அமிலத்தில் முக்கித் தங்கத்தைக் கரைத்து எடுப்பது ஒரு வழி. மஞ்சள் தண்ணீரோடு டப்பாவில் போட்டு "அரை மணி நேரம் கழித்துத் திறங்க" என்று சொல்லிவிட்டு நகையோடு போய்விடுவது இன்னொரு வழி. இதற்குத் தீர்வு எளிது, கேட்டைத் திறக்கவே கூடாது.

வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் நேராக வீடு. வழியில் டீக்கடை, காய்கறிக் கடை எதுவும் வேண்டாம், பணத்தை வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கவே வேண்டாம். "சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்று பத்து ரூபாய் நோட்டுகளைக் காட்டுவது, சட்டையில் ஏதோ அசிங்கம் பட்டிருக்கிறது என்பது, டயரில் காற்று இல்லை என்பது எல்லாம் உங்களைக் குனிய வைப்பதற்குத்தான். யார் என்ன சொன்னாலும் முதலில் பையைக் கையில் எடுங்கள், அப்புறம் திரும்பிப் பாருங்கள். பேருந்தில் நெரிசல் ஏறும்போதுதான், படிக்கட்டில் தேவையில்லாமல் தள்ளுமுள்ளு வந்தால் பையை முன்னால் இழுத்து அணைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் எதுவும் நடந்தால் 139.

படி 3: போனுக்கு ஒரு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உட்கார்ந்து உங்கள் போன், அம்மா போன், அப்பா போன் எல்லாவற்றிலும் இதைச் செய்துவிடுங்கள்.

*#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அந்தப் போனுக்குள்ளேயே சேமித்துப் பயனில்லை. செட்டிங்கில் போய் சிம்முக்கு ஒரு ரகசிய எண் (PIN) போடுங்கள். திருடியவன் உங்கள் சிம்மை வேறு போனில் போட்டு ஓடிபி வாங்காமல் இருக்க இது ஒன்றுதான் தடுப்பு, ஆனால் பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆரம்ப ரகசிய எண் என்ன என்று தெரியாவிட்டால் சிம் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பாக மூன்று முறை அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். திரை பூட்டியிருக்கும்போது குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் மேலே தெரியாதபடி மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள், ஆறு இலக்க எண் ஒன்று கேட்கும்.

தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை அணைத்துவிடுங்கள். இப்போது பல மோசடிகள் ஏபிகே கோப்பாகத்தான், அதாவது தொட்டால் ஆப்பை நிறுவும் கோப்பாகத்தான் வருகின்றன: கல்யாணப் பத்திரிகை என்று, போக்குவரத்து அபராத ரசீது என்று, "இன்று இரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று. நிறுவிவிட்டால் உங்கள் குறுஞ்செய்தி எல்லாம் அவனுக்கும் போகும். சொந்தக்காரர் எண்ணிலிருந்தே வந்தாலும் தொடாதீர்கள், அவர் போன் ஏற்கெனவே அவன் கையில் இருக்கலாம். *401 அல்லது *21 என்று தொடங்கும் ஏதாவது எண்ணை யாராவது அடிக்கச் சொன்னால் அது உங்கள் அழைப்புகளை அவனுக்குத் திருப்பிவிடும் வேலை. சந்தேகமாக இருந்தால் ##002# அடியுங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும்.

யுபிஐக்குத் தனிக் கணக்கு. சம்பளமும் சேமிப்பும் ஒரு கணக்கில், அன்றாடச் செலவுக்கு மாதம் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும் சின்னக் கணக்கு ஒன்று, ஜிபேயும் போன்பேயும் அதில் மட்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) ஒருநாளும் தேவையில்லை என்பதும் நினைவிருக்கட்டும். பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டதும் "நான் ராணுவத்தில் இருக்கேன், க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணா பணம் வந்துடும்" என்பவன் பணம் எடுக்கத்தான் அனுப்புகிறான்.

ஆதார் கைரேகையையும் பூட்டி வைக்கலாம், ஆதார் ஆப்பிலேயே வசதி உண்டு. ரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு அது முட்டுக்கட்டை. ரேஷன் கடையில் ரேகை வைக்கிற அன்று மட்டும் திறந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

படி 4: "உங்களைக் கைது செய்கிறோம்" என்று அழைப்பு வந்தால்

முதலில் கூரியர் கம்பெனியிலிருந்து பெண் குரல். உங்கள் பெயரில் மும்பையிலிருந்து போன பார்சலில் போதைப்பொருளும் பாஸ்போர்ட்டுகளும் இருந்தன, உங்கள் ஆதார் எண் இதுதானே என்று சரியாகவே சொல்வாள். அப்புறம் அழைப்பு "மும்பை போலீஸுக்கு" மாறும். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேசையில் பெயர்ப் பலகை. உச்ச நீதிமன்றத்தின் பெயரில் ஓலை ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். கேமராவை அணைக்காதே, யாரிடமும் சொல்லாதே, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் குற்றவாளி. பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்க வைப்பார்கள். கடைசியில் "உங்கள் பணம் கறுப்புப் பணமா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், இரண்டு நாளில் திரும்ப வரும்" என்பார்கள். வைப்புநிதியை உடைத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைச் சொன்னார். வீடியோவில் கைது இல்லை, கைதாகாமல் இருக்கப் பணமும் இல்லை. செய்ய வேண்டியது: அழைப்பைத் துண்டிப்பது. விளக்கம் சொல்ல வேண்டாம், திட்ட வேண்டாம், அவனைக் கலாய்த்து வீடியோ போடவும் வேண்டாம். உண்மையிலேயே வழக்கு இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையம் மூலம் எழுத்தில் சம்மன் வரும்.

வயதான பெற்றோரின் பெரிய வைப்புநிதிகளை இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் முதிர்வுக்கு முன் எடுக்க முடியும் என்கிற மாதிரிக் கூட்டுக் கணக்காக வைக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். இணையத்தில் ஒரே சொடுக்கில் உடைக்க முடியாவிட்டால் அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் கேள்வி கேட்டுவிடுவார். "அப்பா, ஆஸ்பத்திரியில் இருக்கேன், உடனே பணம் போடுங்க" என்று பிள்ளையின் குரலிலேயே பேசவும் இப்போது தொழில்நுட்பம் வந்துவிட்டதால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள், பழைய நாயின் பெயர் மாதிரி ஏதாவது.

படி 5: ஆசை காட்டினால்

நம் ஊருக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். கோயில் கலசத்து இரிடியம், ரைஸ் புல்லிங் எனும் அரிசியை இழுக்கும் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று கோடிகளைக் காட்டி ஏமாற்றும் கதைகள் எல்லாம் இன்னமும் ஓடுகின்றன. "ரிசர்வ் வங்கியில் கோடிக்கணக்கில் நிற்கிறது, விடுவிக்க வரி மட்டும் கட்டினால் போதும்" என்கிற இரிடியம் கதைக்கு இன்றும் ஆள் கிடைக்கிறார்கள். அதே கதைதான் இப்போது டெலிகிராமில் ஹோட்டலுக்கு ஸ்டார் போடும் வேலை, வாட்ஸ்அப்பில் பங்குச்சந்தை குரூப் என்று வேறு சட்டை போட்டு வருகிறது. முதல் 500 ரூபாய் உண்மையிலேயே வரும். ஆப்பில் லாபம் லட்சக்கணக்கில் ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு.

சோதிப்பது எப்படி? பங்குச்சந்தை என்றால் அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பதிவு எண் கேட்டு செபியின் தளத்தில் நீங்களே தேடுங்கள், அவன் அனுப்பும் சான்றிதழைப் பார்த்துப் பயனில்லை. சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். தெருவில் அக்கா பிடிக்கும் தீபாவளிச் சீட்டில் அக்காவின் நாணயம் மட்டும்தான் பிணை, போனால் போகட்டும் என்கிற அளவுக்கு மேல் போடாதீர்கள். மாதம் 10 சதவீத வட்டி என்று எவன் சொன்னாலும், அலுவலகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். நிதி நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் மாட்டியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கிப் பங்கிட வழி இருக்கிறது, ஆனால் வருடக் கணக்கில் ஆகும்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் தனியாக ஒன்று சொல்லுங்கள்: கமிஷனுக்கு வங்கிக் கணக்கை "வாடகைக்கு" கேட்பார்கள். மோசடிப் பணம் வந்து போகும் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

படி 6: போய்விட்டதா? முதல் ஒரு மணி நேரம்

உடனே 1930, சைபர் மோசடிக்கான உதவி எண். குடும்பத்தில் சொல்லி அழுவது, ஏமாற்றியவனுக்கு மறுபடி போன் போட்டுக் கெஞ்சுவது எல்லாம் பிறகு. பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று நிமிடங்களில் தாவுகிறது. 1930ல் பதிவானால் அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், அதுவரை எடுக்கப்படாமல் இருக்கும் தொகை முடக்கப்படும். இணைப்பு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். உங்கள் கணக்கு எண், அனுப்பிய தொகை, நேரம், பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி கையில் இருக்கட்டும். தரப்படும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். அவனுடைய சாட்டை அழிக்காதீர்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு மாவட்டத்திலுள்ள சைபர் குற்றக் காவல் நிலையம்.

வங்கிக்கும் அன்றே எழுத்தில் புகார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாவது ஆளால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையது அல்ல. நீங்களே ஓடிபி சொல்லியிருந்தால் நிலைமை வேறு, ஆனாலும் புகார் கொடுத்தபிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

போன் திருடு போனால் வரிசை இது: சிம்மை முடக்குங்கள், வங்கியில் சொல்லி யுபிஐயை நிறுத்துங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், அதே எண்ணில் மாற்று சிம் வாங்கியபின், திருடு போன போன்களை முடக்கும் அரசுத் தளமான சிஇஐஆரில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்குங்கள். அதன்பிறகு எந்த சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் முதலில் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சான்று மட்டும்தான், வழக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கை (எஃப்ஐஆர்) வேறு. நகை, வண்டி, காப்பீடு என்றால் எஃப்ஐஆர் கேளுங்கள், நகல் இலவசம். "இது எங்க எல்லை இல்ல" என்றால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள், எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். அப்படியும் வாங்க மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். சத்தம் போட வேண்டாம், பிரிவைச் சொல்லி அமைதியாக உட்கார்ந்திருந்தாலே பாதி வேலை நடக்கும்.

முடக்கப்பட்ட பணம் கைக்கு வர பல சமயம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படும், மாதங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பில்தான் இன்னொரு அழைப்பு வரும்: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், நாங்கள் சைபர் வக்கீல், நடைமுறைக் கட்டணம் மட்டும் 5,000." பணத்தை இழந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது, சில சமயம் பேசுவது பழைய ஆளேகூட. புகாரின் நிலை என்ன என்று நீங்கள்தான் உங்கள் ஒப்புகை எண்ணை வைத்துக் கேட்க வேண்டும், அதற்குக் கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது.